ஐந்தாம் கோடு பிளந்த பதினோரு நிமிடம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காகக் கருவியைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தரச் சொல்லி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். கருவியைப் பற்றி என்னைவிட நன்றாகப் படித்தவர்கள் உங்களிலேயே இருக்கிறீர்கள். ஒட்டுவது, இணைப்பது, சரிபார்ப்பது எல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைத்தான் என்னால் சொல்ல முடியும். அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து நான் எதற்கெல்லாம் பயந்தேன், அதில் எந்தப் பயம் முதலில் வந்தது, அதனால் என்ன ஆயிற்று என்பது.

தேவையான அளவுக்கு மட்டும் கருவியைச் சொல்லிவிடுகிறேன். நம்முடைய சென்சார் தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. அதில் விரல் நீளத் துண்டு ஒன்று தானே லேசராக எரிகிறது. இழையைச் சுவரில் ஒட்டிவிட்டால், சுவர் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு இழையும் நீளும். அதன் ஒளியின் அலைநீளம் இம்மி நகரும். அந்த ஒளியை அளக்கும் பெட்டியின் திரையில் அது ஒரு கூரான கோடு. கோடு வலப்பக்கம் போனால் சுவர் இழுபடுகிறது, இடப்பக்கம் போனால் தளர்கிறது. இழை முழுவதும் ஒரே சீராக நீண்டால் கோடு ஒற்றையாகவே இருக்கும். யாராவது பக்கவாட்டில் அழுத்தினாலோ, இழையின் ஒரு பாதி மட்டும் இழுபட்டு மறுபாதி சும்மா இருந்தாலோ, கோடு இரண்டாகப் பிளக்கும். மின்னும், சில நேரம் அணைந்தே போகும். இந்த ஒரு விஷயம் மட்டும் நினைவிருந்தால் போதும், மீதிக் கதை புரியும்.

மாமல்லபுரத்தைத் தாண்டிக் கடலை ஒட்டி ஒரு தனியார் ஆலை. கடல் தண்ணீரை உள்ளே இழுத்து வேலை செய்கிற ஆலை. பெயர் வேண்டாம். தண்ணீர் வந்து சேரும் கிணறு ஒன்று அங்கே உண்டு. கிணறு என்றால் வட்டக் கிணறு அல்ல. நான்கு மாடி ஆழத்துக்குக் கான்கிரீட்டில் கட்டிய பெரிய தொட்டி. நடுவில் ஒரு சுவர் அதை வடக்கு அறை, தெற்கு அறை என்று இரண்டாகப் பிரிக்கும். வருடத்துக்கு ஒரு தடவை சிப்பியும் மட்டியும் சுவர் முழுக்க ஒட்டிக்கொண்டு தண்ணீர் வரும் வழியை அடைத்துவிடும். அப்போது ஒரு அறைக்குக் கடல் தண்ணீர் வரும் வாயில் இருக்கும் ஷட்டரை மூடித் தண்ணீரை இறைத்துக் காய வைத்து, ஆட்கள் இறங்கிச் சுரண்டுவார்கள். பக்கத்து அறையில் தண்ணீர் நிறைந்து பம்புகள் ஓடிக்கொண்டே இருக்கும். அதாவது, சுரண்டுகிறவர்களுக்கும் கடலுக்கும் நடுவில் நிற்பது அந்த ஒரு சுவர்தான்.

அந்தச் சுவரின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு இணைப்பு இருந்தது. கட்டும்போது ஒரு பாதியை ஒரு நாளும் மறுபாதியை வேறொரு நாளும் வார்த்திருந்தார்கள். அதன்மேல் பின்னாளில் யாரோ சிமெண்டு பூசி மறைத்திருந்தார்கள். ஆலைக்காரர்களுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்ததால் எங்களைக் கூப்பிட்டார்கள். நான் சுவரில் எட்டு சென்சார்களை ஒட்டினேன். ஐந்தாவது அந்த இணைப்பின் மேலேயே குறுக்காக உட்கார்ந்திருந்தது. நான்காவதும் ஆறாவதும் அதற்கு இரண்டு பக்கமும் ஒரு முழம் தள்ளி.

முதல் வருடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். சுரண்டும் வேலையின் இரண்டாம் நாள் மதியம் ஐந்தாம் கோடு பிளந்தது. நான் உடனே கத்திவிட்டேன். ஆட்கள் பதறி ஏறினார்கள். ஏணியில் ஒருவருக்கு முழங்கை தோல் உரிந்தது. சுவரின் பளுவைக் குறைக்கப் பக்கத்து அறையையும் வற்ற வைத்தார்கள். ஆலை நின்றது. அது நின்றால் திரும்ப ஓட மூன்று நாள் ஆகும். அப்புறம் நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். சென்சாரை மூடியிருந்த தகட்டின் மேல் யாரோ சிப்பி மூட்டையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். மூட்டையை நகர்த்தினேன். மேலே வந்து பார்த்தால் கோடு ஒற்றையாக, ஒன்றுமே நடக்காதது போல நின்றது.

ஆலையில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. கேண்டீனில் என் மேசையில் யாரும் உட்காரவில்லை. எங்கள் தலைமைப் பொறியாளர் நல்ல மனிதர். அவர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்.

"அடுத்த தடவை உறுதி பண்ணிக்கிட்டுச் சொல்லும்மா."

அந்த வாக்கியத்தை ஒரு வருடம் நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அடுத்த வருடம் அதோடுதான் போய் உட்கார்ந்தேன்.

மாசி மாதம். சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில் என் வீடு. காலையில் செங்கல்பட்டு போய், திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்து, ஒன்பது மணிக்கெல்லாம் ஆலைக்குள் இருந்தேன். பம்பு வீட்டில் ஸ்விட்ச் பலகைகளுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மேசை. மேசையில் பெட்டி, லேப்டாப், ஒரு வாக்கிடாக்கி. தரை முழுவதும் பம்பின் அதிர்வு. ஜன்னல் வழியாகக் கிணற்றின் விளிம்பும் கைப்பிடிக் கம்பியும் தெரியும். உள்ளே எட்டிப் பார்த்தால்தான் ஆட்கள் தெரிவார்கள்.

அன்று தெற்கு அறையில் ஒன்பது பேர் இறங்கியிருந்தார்கள். எல்லாரும் பக்கத்து மீனவர் குப்பத்து ஆட்கள். அவர்களுக்குத் தலைவர் தேசிங்கு. நாற்பது வயது இருக்கும். கடலில் முத்துக்குளிப்பவர் மாதிரி மூச்சடக்கி மூழ்குவார். நங்கூரம் மாட்டிக்கொண்ட படகுக்காரர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். புதுப்பட்டினத்தில் நாஸ்தா முடித்துவிட்டு ஆட்களோடு வந்தவர் இறங்குவதற்கு முன்னால் என் மேசைப் பக்கம் வந்தார்.

"மேடம், போன வருசம் மாதிரி இந்த வருசமும் எங்கள ஓட வுடுவியா?"

ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காது சூடாகிவிட்டது.

ஆலையின் அன்றைய ஷிப்ட் பொறியாளர் அன்வர். கோவளத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். கிணற்றில் ஆள் இருக்கும்போது நாற்காலியில் உட்காரமாட்டார். வடக்கு அறைக்கும் பம்பு வீட்டுக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பார்.

பதினோரு மணி ஏழு நிமிடத்துக்கு ஐந்தாம் கோடு பிளந்தது.

நேரம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பெட்டி எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தது. அப்போது நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. திரையில் ஒற்றையாக நின்ற கோடு தலையில் லேசாக அகன்றது, நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது, இரண்டாக நின்றது. வாக்கிடாக்கி என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதைத் தொடவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நொடி எனக்கு வந்த பயம் சுவரைப் பற்றியது அல்ல, கீழே இருந்தவர்களைப் பற்றியதும் அல்ல. கேண்டீன் மேசையைப் பற்றியது. திரும்பவும் மூட்டையாக இருந்தால் என்ன செய்வேன் என்பதுதான் என் முதல் பயம்.

இணைப்பைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டேன். கோடு இரண்டாகவே வந்தது. மென்பொருளை மூடித் திறந்தேன். அது திறக்க இரண்டு நிமிடம் பிடிக்கும் என்று தெரிந்தே செய்தேன். திறந்தது. இன்னும் இரண்டு. ஜன்னலுக்கு வெளியே அன்வர் போவது தெரிந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதோ வழக்கமான வேலை செய்வதுபோல. அவர் போய்விட்டார்.

அப்புறம்தான் வாக்கிடாக்கியை எடுத்தேன்.

"தேசிங்கு, அஞ்சாம் நம்பர் தகட்டு மேல யாராவது மூட்டை கீட்டை சாய்ச்சிருக்காங்களா பாருங்க."

சிறிது நேரம் இரைச்சல். பிறகு அவர் குரல்.

"இங்கருந்து பாத்தா ஒண்ணும் தெர்ல மேடம். நாங்க அந்தப் பக்கமே போவல. இன்னா, ஏறிடலாமா?"

"இருங்க. ஒரு நிமிஷம்."

அந்த ஒரு நிமிடத்தில்தான் ஐந்தாம் கோடு அணைந்தது. திரையில் அது இருந்த இடம் காலி. அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. அப்பாடா, சென்சார் செத்துவிட்டது, அதனால்தான் பிளந்து காட்டியது, சுவரில் ஒன்றுமில்லை என்று மூச்சு விட்டேன். ஒரு கருவி செத்ததைப் பார்த்து வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

பக்கத்துக் கோடுகளை நான் பார்க்கவேயில்லை. கண் அதன்மேல் போயிருக்கும், மனம் போகவில்லை. பின்னால் பதிவைத் திறந்து பார்த்தபோது எல்லாம் அங்கேயே இருந்தது. ஐந்து பிளந்த அதே நேரத்தில் நான்காம் கோடும் ஆறாம் கோடும் மெதுவாக இடப்பக்கம் நகர்ந்திருந்தன. தளர்ந்திருந்தன. சுவர் ஓரிடத்தில் வாய் திறந்தால் அதுவரை அந்த இழுவையைத் தாங்கிக்கொண்டிருந்த இரண்டு பக்கமும் தளரும். மூட்டை அழுத்தினால் பக்கத்துச் சென்சாருக்கு ஒன்றும் ஆகாது. போன வருடம் ஒன்றும் ஆகவில்லை. இந்த வித்தியாசம் என் முன்னால் இரண்டு பச்சைக் கோடுகளாக நின்றது. நான் மூட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நிம்மதியோடு நிறுத்தியிருக்கலாம், அல்லது பயத்தோடு ஏறச் சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. உறுதிப்படுத்த நினைத்தேன்.

"தேசிங்கு, நீங்க மட்டும் கிட்டப் போய்ப் பார்த்துட்டு வாங்க. தகடு கழண்டிருக்கான்னு கையால தொட்டுப் பாருங்க."

நான்தான் அனுப்பினேன். அவர் ஏணிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். சேற்றிலும் சிப்பி ஓட்டிலும் கால் வைத்து அறையின் நடுவுக்கு நடந்தார். வாக்கிடாக்கியை அழுத்தியபடியே போனார் போலிருக்கிறது. ஓடுகள் நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. சத்தம் நின்றது.

"மேடம்."

"சொல்லுங்க."

"தகடு நல்லாத்தான் கீது. செவுரு வேர்த்துகினு கீது மேடம்."

"மேலேருந்து ஒழுகுதா?"

"ஒழுவல. வேர்க்குது. நடுவால ஒரு கோடு மாதிரி. வெரலு வெச்சா ஜில்லுனு கீது. உள்ளருந்து வர்து."

அப்போதுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"எல்லாரும் ஏறுங்க. கையில இருக்கறதப் போட்டுட்டு ஏறுங்க. தேசிங்கு, நீங்களும் வந்துடுங்க. இப்பவே."

மணி பதினொன்று பதினெட்டு.

நான் ஓடிப்போய்க் கிணற்றின் விளிம்பில் நின்றேன். கீழே ஒரே ஒரு இரும்பு ஏணி. எட்டுப் பேர் ஒருவர் பின்னால் ஒருவராக ஏறினார்கள். போன வருடம்போல யாரும் தள்ளவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அவர்களுக்குப் புரிந்திருந்தது. தேசிங்கு நடுச்சுவரிலிருந்து திரும்பி நடந்துகொண்டிருந்தார். ஓடக்கூடாது, சிப்பி ஓடு காலைக் கிழித்துவிடும், வழுக்கும். பாதி தூரம் வந்திருப்பார்.

சத்தம் பெரிதாக எதுவும் இல்லை. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். இணைப்பின் மேல் பூசியிருந்த சிமெண்டு ஆள் உயரத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. கசிவைத் தடுக்க இணைப்புக்குள் வைத்திருந்த ரப்பர் பட்டை வெளியே வந்தது. அதன் பின்னால் தண்ணீர். நான் பார்த்தது தண்ணீர் மாதிரி இல்லை. வெள்ளையாக, நேராக, கம்பி மாதிரி வந்தது. அது அவர் முதுகில் பட்டது. அவரைத் தூக்கி எதிர்ச்சுவர் ஓரம் போட்டது. கொஞ்ச நேரம் அவர் எழவில்லை. தண்ணீர் அவரைச் சுற்றி ஏறியது.

யாரோ என் பக்கத்தில், "தெக்கு ஷட்டரத் தொறந்துடலாம் சார், தண்ணி ரெண்டு பக்கமும் சமமாச்சின்னா செவுரு நிக்கும்" என்றான். ஆலையின் ஆபரேட்டர். அவன் சொன்னது கணக்குப்படி சரி. சுவரைக் காப்பாற்ற அதுதான் வழி. கீழே தேசிங்கு இருந்தார்.

அன்வர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வடக்கு ஷட்டரை எறக்கு. பம்பு எதையும் நிறுத்தாத. எல்லாம் ஓடட்டும்."

"சார், தண்ணி கொறஞ்சா பம்பு காத்து இழுத்துடும். போயிடும் சார்."

"போவட்டும்."

அவர் குரல் உயரவில்லை. கடலிலிருந்து வடக்கு அறைக்கு வருவதை மூடிவிட்டு, ஓடும் பம்புகளாலேயே அந்த அறையைக் காலி செய்வது என்பது அவர் எண்ணம். அங்கே மட்டம் குறையக் குறைய இந்தப் பக்கம் பீச்சும் வேகம் குறையும். பம்புகள் கெட்டால் கெடட்டும். இதை அவர் முடிவு செய்ய எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. ஷட்டர் மோட்டார் ஓட ஆரம்பித்தபோது அந்த ஆபரேட்டர் இன்னும் வாயைத் திறந்துகொண்டுதான் நின்றான். நான் பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டதற்குப் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள்.

சிப்பி அள்ளி மேலே தூக்குகிற இரும்புத் தொட்டி ஒன்று கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கினார்கள். தேசிங்கு இடுப்பளவு தண்ணீரில் எழுந்து நின்றார். வலது கை ஒரு பக்கமாகத் தொங்கியது. தொட்டியின் விளிம்பை இடது கையால் பிடித்து வயிற்றைப் போட்டு உள்ளே சரிந்தார். அவர் ஏறும்போது வடக்குப் பக்கம் பம்புகள் காற்றை இழுத்துக் கரகரவென்று அலற ஆரம்பித்தன. அந்தச் சத்தம் பற்களுக்குள் போயிற்று. தொட்டி சுற்றிச் சுற்றி மேலே வந்தது. உள்ளே பாதி சிப்பி, பாதி தண்ணீர், நடுவில் அவர், கண்ணை மூடிக்கொண்டு.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிருக்கு ஒன்றுமில்லை. தோள் எலும்பு மூன்று இடத்தில் முறிந்திருந்தது. ஆறு மாதத்தில் சேர்ந்துவிட்டது. ஆனால் கை தோளுக்கு மேலே போகவில்லை. கடலில் மூழ்குகிறவருக்கு அது போதும், எல்லாம் முடிந்துபோக.

அறிக்கை நான்தான் எழுதினேன். "பதினொன்று பதினெட்டுக்குச் சுவரில் கசிவு உறுதி செய்யப்பட்டது. உடனே வெளியேற்ற உத்தரவு தரப்பட்டது. எட்டுப் பேர் காயமின்றி வெளியேறினர். ஒருவருக்குக் காயம்." ஒரு வரிகூடப் பொய் இல்லை. பதினொன்று ஏழைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எங்கள் அலுவலக விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைமைப் பொறியாளர் மேடையில், ஒன்பது உயிரைக் காப்பாற்றிய கருவி, அதை நம்பிய பெண் என்று பேசினார். கைதட்டினார்கள். எனக்கு முதுகில் வியர்வை ஊறியது. பொன்னாடையின் ஜரிகை கழுத்தில் குத்திக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு வந்த பயத்துக்கு எல்லை கிடையாது. பக்கத்து வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் கையில் இருக்கிற கரண்டியைப் போட்டுவிடுவேன். குளியலறைச் சுவரில் ஈரம் தெரிந்தால் விரல் வைத்துப் பார்ப்பேன். பதிவுக் கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டு அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தேன். அழிக்கவும் தைரியம் இல்லை, கொடுக்கவும் தைரியம் இல்லை. என் வீட்டுக்காரர் ஒருநாள் அரிசி அளக்கும்போது அதை எடுத்து, "இது என்ன?" என்று கேட்டார். சொன்னேன். அவரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் அரிசியைக் கழுவி அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து, "இத எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குப்பத்துக்குப் போனேன். தேசிங்கு கரையில் மீன் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். கூடைகளைச் சுற்றி ஆட்கள். அவர் குரல் மட்டும் நன்றாக இருந்தது. இடது கையால் விலையைக் காட்டினார். என்னைப் பார்த்ததும் ஏலத்தை முடித்துவிட்டு வந்தார்.

"வா மேடம். வூட்டாண்ட போலாம்."

வீட்டில் அவர் மனைவி அஞ்சலை பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டாள். டீ கொண்டுவந்து வைத்தாள். நான் டீயைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பதினொன்று ஏழுக்கே எனக்குத் தெரிந்தது, போன வருட அவமானத்துக்குப் பயந்து பேசாமல் இருந்தேன், ஏணிப் பக்கத்தில் நின்றவரை நான்தான் சுவர்ப் பக்கம் அனுப்பினேன் என்று.

தேசிங்கு இடது கையால் டீயை என் பக்கம் நகர்த்தினார்.

"தெரியும் மேடம்" என்றார். "நான் கேட்டனே. ஏறிடலாமான்னு கேட்டன். இருன்ன. உன் கொரலு ஒரு மாதிரி கீதுன்னு அப்பவே எனக்குப் பட்ச்சி. மேடத்துக்குத் தெரியாததான்னு நெனச்சிகினுதான் போனன்."

அஞ்சலை வாசலில் நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இத்த சொல்றதுக்காம்மா வந்த? சொல்லிட்ட. இப்ப உனுக்கு லேசாச்சா?"

லேசாகவில்லை. லேசாக வேண்டும் என்றுதான் வந்தேன் என்பது அவள் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"இந்தாளுக்குத் தலைக்கி எண்ண தேச்சிக்க வர்ல. நான்தான் தேச்சி வுடறன். டெய்லி" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

தேசிங்கு என் பக்கம் திரும்பினார்.

"அவ அப்டித்தான். வுடு. நான் ஒண்ணு கேக்கறன். இந்த வருசம் தெக்கு அறைய சுரண்ட என் அண்ணன் பையன் எறங்கறான். அந்தப் பொட்டி முன்னால யாரு குந்துவா? நீயா?"

"நானாத்தான் இருக்கும். இல்லன்னா புதுசா வந்தவங்க யாராவது."

"அப்ப அவங்களாண்ட சொல்லு மேடம். எங்களாண்ட சொல்லி இன்னா ஆவப்போது."

மறுநாள் பென்டிரைவைத் தலைமைப் பொறியாளரின் மேசையில் வைத்தேன். அவர் முழுவதையும் பார்த்தார். பதினொன்று ஏழில் நிறுத்தி, நான்காம் கோட்டையும் ஆறாம் கோட்டையும் விரலால் தொட்டார். "உறுதி பண்ணச் சொன்னது நான்தானேம்மா" என்றார். அறிக்கையைத் திருத்தி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆலைக்கு அனுப்பினோம். எனக்கு ஒரு வருடம் பதவி உயர்வு நின்றது. அவருக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நடந்தது. ஆலைக்காரர்கள் சுவரை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். தேசிங்குக்குத் தரவேண்டிய நஷ்டஈட்டை அந்தத் திருத்திய அறிக்கையை வைத்துத்தான் பின்னால் கேட்டு வாங்க முடிந்தது.

உங்கள் கையேட்டில் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறதே, "கோடு பிளந்தாலும் அணைந்தாலும் முதலில் ஆளை ஏற்று, காரணத்தைப் பிறகு பார்" என்று, அது அப்போது வந்தது. படிக்கும்போது ரொம்பச் சுலபமாக இருக்கும். பெட்டியின் முன்னால் உட்காரும்போது அப்படி இருக்காது. போன தடவை ஏன் ஏற்றினாய் என்று கேட்டவர்களின் முகம்தான் முதலில் வரும். அந்த முகத்துக்குப் பயப்படாதீர்கள் என்று சொல்லமாட்டேன். நான் இன்றும் பயப்படுகிறேன். பயந்துகொண்டே கையை நீட்டி வாக்கிடாக்கியை எடுக்கலாம் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் அதே கிணற்றில் புதுச் சுவருக்கு முன்னால் கடைசியாக உட்கார்ந்தேன். அன்வர் வெளியே நடந்துகொண்டிருந்தார். காலை பத்தரை மணி இருக்கும். இரண்டாம் கோடு லேசாக அகன்றது. பிளந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. தலையில் ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். கை தானாக நீண்டது.

"எல்லாரும் ஏறுங்க. எதையும் எடுக்க வேணாம்."

ஏறினார்கள். நான் விளிம்பில் நின்று பார்த்தேன். கைப்பிடிக் கம்பியை விடாமல் பிடித்திருந்தேன். நாங்கள் இறங்கிப் பார்த்தோம். சுவர் காய்ந்து கிடந்தது. மூட்டை இல்லை, ஈரம் இல்லை, ஒன்றுமே இல்லை. அது எதனால் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாதி நாள் வேலை போயிற்று.

ஆட்கள் வெயிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தேசிங்கின் அண்ணன் மகன் காலில் ஒட்டியிருந்த சிப்பி ஓட்டைத் தட்டிவிட்டபடி, எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னான்.

"சும்மா சும்மா ஏத்தி எறக்கினு, ஒரே பேஜாரா கீது. இந்த மேடத்துக்கு பயம் ரொம்ப ஜாஸ்திடா."

"ஆமாப்பா, ஜாஸ்திதான்" என்றேன். "எல்லாரும் மேல வந்தாச்சா?"